நான்கு ஸ்ட்ரட்டும் ஒரு சொம்பு மோரும்

1. சத்தம் முன்னே, கார் பின்னே

மரக்காணத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி என் ஒர்க்‌ஷாப் இருந்தது. உப்பு ஏற்றும் லாரிகளும் டிராக்டர்களுமே பெரும்பாலும் என்னிடம் வரும், கார்கள் குறைவு. 2005ஆம் ஆண்டு வைகாசி மாதம், உப்பு வாரும் பருவம் உச்சத்தில் இருந்த ஒரு நண்பகலில், தகரக் கூரை சரிந்து விழுவதைப் போன்ற ஓசை சாலையில் எழுந்தது. என்னோடு வேலை செய்த வெல்டர் ஏழுமலை தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"தனகோடி மொதலாளி வர்றாரு அண்ணே. வண்டி இன்னும் பஸ் ஸ்டாண்டாண்ட இருக்குது. சத்தம் இங்க வந்துட்டுது" என்றார்.

தனகோடி முதலாளி உப்பளம் வைத்திருப்பவர். அவருடைய கார் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்தது; டிக்கி வைத்தது; முன்பக்கமும் பின்பக்கமும் ஸ்ட்ரட் பொருத்தியது. தார்ச்சாலையில் ஓடியதைவிட உப்பளத்துக் கரைகளின்மேல் அது ஓடியதே மிகுதி. காரை நிறுத்தியவர் கீழே இறங்காமல், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே பேசினார்.

"சூசை, பெருமுக்கல்லருந்து நேரா இங்கதான் வர்றேன். மானம் போயிடுச்சுப்பா."

அவருடைய ஒரே மகள் கலைச்செல்வியைப் பெருமுக்கல்லில் ஒரு விவசாயக் குடும்பத்தில் கொடுத்திருந்தார். அவளுக்கு வளைகாப்பு வருகின்ற ஞாயிற்றுக்கிழமை. வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்திற்காகத் தாய்வீடு அழைத்து வருவது வழக்கம். ஆனால் அன்று காலை, வீட்டு வாசலில் வந்து நின்ற இக்காரின் ஓசையைக் கேட்ட சம்பந்தி அஞ்சலை அம்மாள் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டாராம்.

"அந்தம்மா என்ன சொல்லுச்சு தெரியுமா? 'சம்பந்தி, இந்த வண்டில ஏத்தி அனுப்புனா மருமவ மரக்காணம் வந்து சேர்றதுக்குள்ள வழிலயே பெத்துடுவா. பிரசவம் இங்கயே ஆவட்டும்' அப்படின்னுது. என் வீட்டுக்காரி அழுதுட்டு இருக்கா."

"வாடகைக்கு ஒரு நல்ல வண்டி எடுத்துட்டுப் போயி அழைச்சிட்டு வாங்களேன் மொதலாளி" என்றேன்.

"ஏம்பா, அது எனக்குத் தெரியாதா? கல்யாணம் முடிஞ்சு எம் பொண்ணு இதுலதான் போனா. 'அப்பா, நம்ம வண்டிலயே வந்து கூட்டிட்டுப் போ'ன்னு கெஞ்சறா. வாடகை வண்டி எடுத்தா, சொந்த வண்டிய வச்சிக்கினு ஒரு புள்ளத்தாச்சிய கூட்டிட்டு வர வக்கில்லாதவன்னு அந்தம்மா ஊரெல்லாம் சொல்லும். நீ சரி பண்ணிக் குடு. ஞாயித்துக்கெழமை எம் பொண்ணு இதுல வரணும்."

அவர் கண்கள் கலங்கியிருந்தன. வெயிலின் கூச்சம் என்று நான் எண்ணிக்கொண்டேன். அப்படி எண்ணுவதே மரியாதை.

2. லட்சுமிக்கு வேர்த்தது

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஸ்ட்ரட் என்பது சக்கரத்துக்கும் பாடிக்கும் நடுவே நிற்கின்ற தூண். அதைச் சுற்றிலும் காயில் ஸ்பிரிங் இருக்கும். நடுவில் ஆயில் நிரம்பிய ஷாக் அப்சார்பர் இருக்கும். பள்ளம் மேட்டின் அதிர்ச்சியை ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும். ஸ்பிரிங்கின் துள்ளலை ஷாக் அப்சார்பர் அடக்கும். அடக்குகின்றவன் போய்விட்டால் துள்ளுகின்றவனை யார் கேட்பது?

முன் மட்கார்டை இரு கைகளாலும் அழுத்தி விட்டேன். நல்ல ஸ்ட்ரட் என்றால் பாடி ஒருமுறை எழுந்து அமைந்துவிடும். இதுவோ அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டியைப் போலக் குதித்தது.

"தொட்டிலே வாணாம் மொதலாளி. பேரப்புள்ளைய இதுலயே போட்டு ஆட்டலாம்" என்றார் ஏழுமலை.

"டேய், நானே வயித்தெரிச்சல்ல இருக்கேன்" என்றார் முதலாளி. எனினும் அவர் முகத்தில் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

ஜாக்கி வைத்துத் தூக்கிப் பார்த்தபோது முன் ஸ்ட்ரட் இரண்டிலும் ஆயில் கசிந்து தூசு படிந்து களியாகியிருந்தது. ஸ்ட்ரட்டின் தலையைப் பாடியோடு சேர்க்கின்ற மவுண்ட் ரப்பர் நசுங்கிக் கிடந்தது. சக்கரத்தைக் கீழிருந்து பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்கள் கிழிந்திருந்தன. அந்த ஆர்மின் நுனியிலுள்ள பால் ஜாயிண்ட் ஆடியது. உப்பளக் கரையில் ஓடுகின்ற காருக்கு இவையெல்லாம் எதிர்பார்க்கத் தக்கவையே. ஆனால் பின்பக்கம் முன்பக்கத்தைவிட மோசமாக இருந்தது. பெரும்பாலும் ஒருவரோ இருவரோ முன்னால் அமர்ந்து போகின்ற காரில், பின் ஸ்ட்ரட் ஏன் இவ்வளவு நொந்து போக வேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை.

டிக்கியைத் திறந்தேன். விளங்கிவிட்டது. உள்ளே ஓர் உப்பு மூட்டை அமர்ந்திருந்தது.

மூட்டையின் அடியில் தரை நனைந்திருந்தது. மழையே இல்லாத மாதத்தில் அந்த ஈரம் எங்கிருந்து வந்தது? கடற்காற்றின் ஈரத்தை உப்பு இழுக்கும். இழுத்ததைச் சொட்டுச் சொட்டாய்க் கீழே விடும். அந்த உப்புநீர் பின் ஸ்ட்ரட்டின் தலை நிற்கின்ற இடம்வரை ஊறி, தகட்டை அப்பளமாக்கியிருந்தது.

"இது எவ்வளவு நாளா இருக்குது மொதலாளி?"

"அது எப்பவும் இருக்குது. வருஷா வருஷம் மொதல் மொதல்ல வார்ற உப்புல ஒரு மூட்டை. புதுசு வந்தா பழச எடுத்துடுவோம். உப்பளக்காரன் காலி டிக்கியோட போலாமா? லட்சுமிப்பா அது. அதுவும் இல்லாம, வெயிட்டு இருந்தாதான் பின்னாடி தூக்கிப் போடாது."

"லட்சுமிக்கு வேர்க்குது மொதலாளி. அந்த வேர்வதான் உங்க ஸ்ட்ரட்டத் தின்னுட்டுது."

"நீ மாதா கோயிலுக்குப் போறவன். உனக்கு லட்சுமியப் பத்தி என்ன தெரியும்?"

"எங்க வேதத்துலயும் உப்பப் பத்தி உயர்வாத்தான் சொல்லியிருக்குது. டிக்கில வைக்கச் சொல்லல."

ஏழுமலை சிரித்ததில் அவருடைய வெல்டிங் கண்ணாடி கீழே விழுந்தது. முதலாளி மட்டும் மூட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அரை மனதோடு இறக்கச் சம்மதித்தார்.

3. பாடியோடு பிறந்த போல்ட்டுகள்

நான்கு ஸ்ட்ரட்டுகளையும் மவுண்ட், புஷ், பால் ஜாயிண்ட் வகைகளையும் புதுச்சேரியிலிருந்து வரவழைத்தோம். பின்பக்கத்து வலது ஸ்ட்ரட் ஒன்று மட்டும் கசியாமல் இருந்தது. அதை விட்டுவிடலாமே என்று முதலாளி கேட்டார்.

"ஒரு கால்ல செருப்பு, ஒரு கால்ல பூட்ஸ் போட்டுக்கினு நடப்பீங்களா மொதலாளி? இது ஜோடியாத்தான் மாத்தணும்" என்றேன்.

கடற்கரை ஊரில் சஸ்பென்ஷன் வேலை என்பது, பாதி போல்ட்டோடு நடத்துகின்ற வழக்காகும். ஸ்ட்ரட்டின் கீழ் போல்ட்டுகள் துருவேறி இறுகிக் கிடந்தன. மண்ணெண்ணெயும் பிரேக் ஆயிலும் கலந்து ஊற்றி, நன்றாக ஊற விட்டோம். பிறகு ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் சொருகி நானும் ஏழுமலையும் தொங்கினோம். அசையவில்லை.

"அண்ணே, இது போட்டதில்ல. பாடியோடவே பொறந்தது" என்றார் ஏழுமலை.

பிரேக் ஆயில் போகின்ற ரப்பர் ஹோஸின்மேல் நனைந்த கோணியைச் சுற்றிவிட்டு, கேஸ் தீயால் நட்டைச் சுட்டோம். கடைசியில் அது, கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மசிவதைப் போல, ஒரு முனகலோடு திரும்பியது. கழற்றுமுன் போல்ட் நின்ற நிலையை உளியால் கோடிட்டுக்கொள்ள நான் தவறவில்லை; சக்கரத்தின் சாய்வு அந்தக் கோட்டில்தான் இருக்கிறது. பிரேக் ஹோஸ் இழுபடாதபடி, சக்கரத்தைத் தாங்கும் நக்கிளைக் கம்பியால் தூக்கிக் கட்டினோம்.

இத்தொழிலுக்குப் புதிதாய் வருகின்றவர்கள் ஒன்றை மறக்கவே கூடாது. காயில் ஸ்பிரிங்கைக் கம்ப்ரெஸர் என்கின்ற இறுக்கியில் பூட்டி நெருக்கிய பின்னரே ஸ்ட்ரட்டின் மேல் நட்டில் கை வைக்க வேண்டும். அதற்கு முன் நட்டைக் கழற்றுகின்றவனுடைய முகத்தை ஸ்பிரிங் கழற்றிவிடும்.

பின்பக்கம் அப்பளமாய்ப் போயிருந்த தகட்டை ஏழுமலை வெட்டியெடுத்து, கனமான புதுத் தகட்டை வைத்து வெல்டிங் அடித்தார். நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவிக் காயவைத்து, ரெட் ஆக்சைடு பூசினோம். முதலாளி நாள்தோறும் வந்து ஸ்டூலில் அமர்ந்துகொண்டு, "ஞாயித்துக்கெழம, ஞாயித்துக்கெழம" என்று ஜபித்தவண்ணம் இருந்தார்.

4. சீட்டில் அமர்ந்த பயணிகள்

லோயர் ஆர்ம் புஷ் பூட்டுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது போல்ட்டை முழுவதும் முறுக்கிவிட்டால், கார் தரையில் இறங்கியதும் புஷ்ஷின் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், விரைவில் கிழியும். ஆகவே கார் தன் சக்கரங்களில் நிற்க, உள்ளே ஆட்கள் அமர்ந்த எடையும் இருக்க, அந்த நிலையில்தான் கடைசி முறுக்கைக் கொடுக்க வேண்டும். பிற ஊர்களில் இதற்கு என்ன செய்வார்களோ, நானறியேன். எங்கள் ஊரில் ஆட்களுக்குப் பதிலாக உப்பு மூட்டைகளை வைப்போம். ஆள் என்றால் டீ குடிக்க இறங்கிவிடுவான். மூட்டை இறங்காது.

சனிக்கிழமை காலை காரைக் குழியின்மேல் நிறுத்தினோம். முதலாளியே தம் அளத்திலிருந்து மூட்டைகளை அனுப்பி வைத்தார். ஈரம் படாமல் சீட்டுகளின்மேல் தார்ப்பாய் விரித்து, முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என அமர்த்தினோம். நான் குழிக்குள் இறங்கிப் போல்ட்டுகளை முறுக்கிக்கொண்டிருந்தபோது முதலாளி வந்தார். நான்கு மூட்டைகளும் சீட்டில் சாய்ந்தமர்ந்திருப்பதைக் கண்டார் போலும். மேலே அவருடைய வேட்டிக் கரை மட்டுமே எனக்குத் தெரிந்தது.

"சூசை, வெயிட்ட வச்சுத்தான் டைட்டு பண்றியா?"

"ம்" என்றேன்.

"உப்பு வெயிட்டு இருந்தாதான் சரியா உக்காருமா?"

"ம்" என்றேன். வாயில் டார்ச் லைட்டைக் கவ்வியிருந்தவன் வேறென்ன சொல்ல முடியும்?

"அப்படிச் சொல்லு!" என்றது அந்த வேட்டிக் கரை. மிகுந்த நிறைவோடு அது நகர்ந்து போனது.

வேலை முடிந்ததும் மூட்டைகளை இறக்கிவிட்டுத் திண்டிவனம் சென்று வீல் அலைன்மெண்ட் பார்த்தோம். போகும்போதும் வரும்போதும் காரில் ஓசையே இல்லை. மட்கார்டை அழுத்தினால் ஒருமுறை எழுந்து, பெரிய மனிதரைப் போல அமைதியாய் அமர்ந்தது. மாலையில் முதலாளி காரை வீட்டுக்கு எடுத்துச் சென்றார்.

5. பெருமுக்கல்

மறுநாள் காலை என் வீட்டு வாசலில் கார் வந்து நின்றது.

"ஏறு சூசை. நீதான் ஓட்டணும். அங்க எதனா சத்தம் வந்தா, அந்தம்மாவுக்கு நீயே பதில் சொல்லு."

அவருடைய மனைவியும் உறவினரும் சீர்த்தட்டுகளோடு வேனில் முன்னதாகவே போய்விட்டிருந்தனர். முதலாளி பின் சீட்டில் அமர்ந்தார். தார்ச்சாலையில் கார் வழுக்கிக்கொண்டு போயிற்று. பின்பக்கம் சற்றுத் தாழ்ந்திருப்பதாக எனக்குத் தோன்றியது. முதலாளியும் இளைத்த உடம்புக்காரர் அல்லர் என்பதால் நான் அதைப் பெரிதாகக் கருதவில்லை.

வளைகாப்பு சிறப்பாக நடந்தது. கலைச்செல்விக்கு இரு கைகளிலும் முழங்கை அளவுக்கு வளையல் அடுக்கினார்கள். சாப்பாடு முடிந்ததும் அஞ்சலை அம்மாள் வாசலுக்கு வந்து காரை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"அதே வண்டிதானா சம்பந்தி? பெயிண்டு அடிச்சு எடுத்தாந்தீங்களா?"

"காலையே மாத்திட்டோம் சம்பந்தி. நாலு காலும் புதுசு" என்றார் முதலாளி.

"காலு புதுசோ கையி புதுசோ, நான் ஏறிப் பாக்காம என் மருமவள ஏத்த மாட்டேன்."

அவர் உள்ளே போய் ஒரு பித்தளைச் சொம்பு நிறைய, விளிம்பு தொடுமளவுக்கு மோரை ஊற்றிக்கொண்டு வந்தார். பட்டுப்புடவையோடு பின் சீட்டில் ஏறி, சொம்பை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏம்பா மேஸ்திரி, மலை அடிவாரம் வரைக்கும் போயிட்டுத் திரும்பு. மோரு சிந்தலன்னா பொண்ணு வருவா. சிந்துச்சுன்னா பிரசவம் இங்கதான்."

வாசலில் கலைச்செல்வி அம்மாவின் கையைப் பிடித்தபடி நின்றாள். "மாமா, பாத்து ஓட்டுங்க" என்றாள் என்னிடம் மெல்ல. முதலாளி என் பக்கத்தில் ஏறி அமர்ந்து கதவின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டார்.

தெருமுனை தாண்டியதும் மண்சாலை. முதல் மேடு சிறியது. மோர் நடுங்கியது, ஆனால் சிந்தவில்லை. இரண்டாவது பள்ளம் சற்று ஆழமானது. முன்சக்கரம் இறங்கி ஏறியது, ஓசையில்லை. பின்சக்கரம் இறங்கி ஏறியது, ஓசையில்லை. நான் மூச்சு விட்ட அந்தக் கணத்தில், பின்னாலிருந்து 'தொம்' என்று ஓர் இடி இடித்தது. சொம்பிலிருந்த மோரில் பாதி அஞ்சலை அம்மாளின் பட்டுப்புடவையில் இறங்கிற்று.

"ஐயோ, என் பொடவ! சம்பந்தி! மோரா இருக்கப் போயி பொழச்சுது. இதே புள்ளையா இருந்தா?"

நான் காரை ஓரமாய் நிறுத்தினேன். காது மட்டும் சும்மா இருக்கவில்லை. ஸ்ட்ரட் அடித்தால் சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதே ஓசை வரும். இதுவோ சக்கரம் ஏறி நிமிர்ந்த பிறகு, சற்றுத் தாமதித்து வந்தது. கார் செய்த ஓசையன்று இது. காருக்குள் இருக்கின்ற ஏதோ ஒன்று செய்த ஓசை.

இறங்கிச் சென்று டிக்கியைத் திறந்தேன். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, ஒரு முழம் மல்லிகைப்பூவும் சுற்றிய உப்பு மூட்டை ஒன்று பக்கவாட்டில் உருண்டு கிடந்தது.

"மொதலாளி!"

"என்னை ஏன்யா மொறைக்கிற? நீதான செஞ்சே!" என்றார் அவர், அழாக் குறையாக. "நாலு மூட்டைய ஏத்தி வச்சு டைட்டு பண்ணியே, கேட்டதுக்கு 'ம்' 'ம்'னியே. உப்பு வெயிட்டுல டைட்டு பண்ணத, ஒரு மூட்டகூட இல்லாம ஓட்டுனா லூஸ் ஆயிடாதா? அதான் எதுக்கும் இருக்கட்டும்னு ஒண்ணே ஒண்ணு வச்சேன்."

எனக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. அவர் கேட்டதில் ஒரு நியாயம் இருந்தது. ஆட்களுக்குப் பதிலாகத்தான் மூட்டை வைத்தேன் என்பதை நான் அவரிடம் சொல்லவே இல்லையே!

இதற்குள் அஞ்சலை அம்மாள் மோர் சொட்டும் புடவையோடு இறங்கி வந்து டிக்கியை எட்டிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"இது என்ன, உப்பா? பூ வச்ச உப்பா?"

"இந்த வருசத்து மொதல் உப்பு சம்பந்தி" என்றார் முதலாளி தாழ்ந்த குரலில்.

"ஏன் சம்பந்தி, உங்களுக்குப் புத்தி இருக்குதா? வளைகாப்பு அன்னைக்கு மொதல் உப்பு வீட்டு வாசப்படி வரைக்கும் வந்திருக்குது. அத டிக்கில ஒளிச்சு வச்சுத் திருப்பி எடுத்துட்டுப் போலாம்னு பாத்தீங்களா? லட்சுமியத் திருப்பி அனுப்புற குடும்பமா எங்களுது? மேஸ்திரி, வண்டிய வீட்டுக்கு விடு. எறக்கி நடு வூட்ல வையி."

முதலாளிக்கு ஒரு கணம் எதுவும் புரியவில்லை. புரிந்ததும் நிமிர்ந்து நின்றார், மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார். சில நாள் முன்பு மானம் போன அதே வீட்டின் நடுக்கூடத்தில் அவருடைய உப்பு மூட்டை, ஊரார் பார்க்க, மாலை மரியாதையோடு இறங்கியது.

"ராவு காலம் வர்றதுக்குள்ள கெளம்பணும். ஏறு மேஸ்திரி, இன்னொரு தபா பாத்துடலாம்" என்றார் அஞ்சலை அம்மாள். சொம்பில் மறுபடியும் விளிம்புவரை மோர். லட்சுமி வேறு, சோதனை வேறு என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை.

அதே மண்சாலை, அதே பள்ளம். மெதுவாகப் போய்விடலாமா என்று கால் கெஞ்சியது. போகவில்லை, முன்பு போன வேகத்திலேயே விட்டேன். பக்கத்தில் முதலாளி கண்களை மூடிக்கொண்டார். முன்சக்கரம் இறங்கி ஏறியது. பின்சக்கரம் இறங்கி ஏறியது. நான் செவியைத் தீட்டிக் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். அஞ்சலை அம்மாள் சொம்பையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதைத் தூக்கி, மோரைக் கடகடவென்று குடித்துவிட்டார்.

"என்ன சம்பந்தி, குடிச்சிட்டீங்க?" என்றார் கண் திறந்த முதலாளி.

"சிந்துனாதான குத்தம் சொல்ல முடியும்? சிந்தாத மோர வேற என்னா பண்றது?" வீட்டு வாசலில் கார் நின்றதும் அவர் உரக்கக் கூவினார்: "கலை! கெளம்புமா. உங்கப்பன் வண்டிலயே போ."

திரும்பும் வழியில் கலைச்செல்வி பின் சீட்டில் தாயின் தோளில் சாய்ந்திருந்தாள். தார்ச்சாலையிலும், பின்னர் உப்பளத்துக் கரையிலும் ஸ்ட்ரட் பேசவில்லை; புஷ் பேசவில்லை. அவள் கைவளையல்களின் ஓசை ஒன்று மட்டுமே வழியெல்லாம் காரில் கேட்டது.

6. வாயைத் திறந்து சொல்

இளைய தொழிலாளர்களுக்கு நான் கூற விரும்புவது இதுவே. ஸ்ட்ரட் மாற்றுவதை யாரும் கற்றுக்கொள்ளலாம். ஆனால் நாம் செய்வதை வண்டிக்காரர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். பார்த்ததற்குத் தமக்குத் தெரிந்த காரணத்தை அவரே கற்பித்துக்கொள்வார். ஆகவே என்ன செய்கிறோம் என்பதோடு ஏன் செய்கிறோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்; அதற்காக வாயிலிருக்கும் டார்ச் லைட்டை எடுக்க நேர்ந்தாலும் எடுத்துவிட்டுச் சொல்ல வேண்டும். அந்த நாள் தொட்டு, குழிக்குள்ளிருந்து நான் 'ம்' என்று விடை கூறியதில்லை. பின்பக்கத்தில் ஓசை என்று எந்தக் கார் வந்தாலும், ஜாக்கியைத் தொடுமுன் டிக்கியைத் திறந்து பார்க்கும் வழக்கமும் அன்று ஏற்பட்டதுதான்.

கலைச்செல்விக்குப் பெண் குழந்தை பிறந்தது. சில மாதங்கள் கழித்துத் தாயையும் சேயையும் பெருமுக்கல்லுக்குக் கொண்டுவிடப் போகும் வழியில் முதலாளி என் ஒர்க்‌ஷாப் முன்னால் காரை நிறுத்தினார். நான் கேட்காமலேயே இறங்கிச் சென்று டிக்கியைத் திறந்தார்.

"வந்து பாரு சூசை. மூட்ட கீட்ட ஒண்ணும் இல்ல."

பார்த்தேன். மூட்டை இல்லைதான். ஒரு மூலையில், மஞ்சள் துணியில் முடிந்த கைப்பிடி உப்பு, பிளாஸ்டிக் டப்பாவுக்குள் பத்திரமாய் மூடி வைக்கப்பட்டிருந்தது.

"இதையுமா வாணாங்கற?" என்றார் அவர்.

"இருக்கட்டும் மொதலாளி. இத ஸ்ட்ரட்டு தாங்கும்" என்றேன்.